சந்தனம் தொட்ட கிட்டார்

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். கப்பல் வேலைக்குப் போன அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரைத் துண்டு துண்டாகப் பெட்டியில் கொண்டுவந்தான். பூட்டத் தெரியாமல் இரண்டு திருகாணிகளைத் தொலைத்துவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். நான் எடுத்தபோது, "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த எளவு?" என்றான். அதற்காகவே செய்தேன்.

தொலைந்த திருகாணிகளுக்குப் பதிலாகக் கதவுக் கொண்டியில் இருந்ததைக் கழற்றிப் போட்டேன். பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைக்கிறவரிடம் இரவல் வாங்கிய இரும்பை அடுப்புக் கனலில் காய்ச்சி, உள்ளே வயர்களை ஒட்டினேன். கம்பிகளை இழுத்துக் கட்டினேன். மறுநாள் காலையில் ஒரு வயரை எடுத்து, ஒரு முனையைக் கிட்டாரிலும் மறுமுனையை ரேடியோவுக்குப் பின்னால் கிராமபோன் மாட்டும் துளையிலும் செருகித் தட்டினால், சத்தமே இல்லை.

"நான் அப்பவே சொன்னம்லா" என்றான் அண்ணன்.

வயரை உருவிப் பார்த்தேன். முனையில் சந்தனம். புதுச் சாமான் எது வந்தாலும் எங்கள் அம்மை பொட்டு வைக்காமல் விடமாட்டாள். தையல் மெஷினுக்கும் வைத்தாள், சைக்கிளுக்கும் வைத்தாள். கிட்டாரில் வயர் செருகும் துளை பொட்டுக்குத் தோதாக வட்டமாக இருக்கவே, அதிலேயே அப்பிவிட்டாள்.

கொண்டை ஊசியால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி செருகி ஓங்கித் தட்டினேன். ரேடியோ அலறியது. தெருவில் போன வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இது எந்த ஸ்டேஷனாக்கும்?"

அண்ணன் வாயைத் திறக்குமுன் சொன்னேன்: "நாந்தான்."