கஸ்தூரியின் மேசையில் விழுந்த நிழல்

1. சால்வை

முப்பது வருஷமாகச் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு லைட் போட்டுக் கொடுக்கிறேன். வேலை முடிந்ததும் எனக்குச் சால்வை போர்த்தியது ராயபுரத்தில் ஒரே ஒரு ஆபீஸில்தான். அந்த வேலையில்தான் ஒரு பெண்ணின் பிழைப்பையும் கெடுத்தேன்.

துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் செய்து கொடுக்கிற ஆபீஸ் அது. இரண்டாவது மாடி. ரயில்பெட்டி மாதிரி நீளமான ஒரே ஹால், ஒரு கோடியில் முதலாளி இளங்கோவின் கண்ணாடி கேபின். இருந்த ஒரே ஜன்னலையும் ஏசி அடைத்துக்கொண்டிருந்தது. மேசைகள் எல்லாம் பக்கச் சுவர்களைப் பார்த்துப் போட்டவை. மேசைக்கு மேசை ஒரு டியூப்லைட், ஒட்டடையோடு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நைனா, கோடவுனு கணக்கா கீது இது. பார்ட்டி உள்ள வந்தா மெர்சலாவணும். இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது" என்றார் இளங்கோ.

பண்ணினேன். ஃபால்ஸ் சீலிங் அடித்து, ஹாலின் நட்டநடுவில் நூல் பிடித்தாற்போல, கீழே பார்த்து எரிகிற டவுன்லைட் வரிசை. கம்பெனி பெயர்ப் பலகைக்குத் தனி ஸ்பாட். கேபினுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம். அசிங்கமாகத் தொங்கிய டியூப்லைட்டுகளைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பச் சொன்னேன். வெளிச்சத்தை அளக்க லக்ஸ் மீட்டர் என்று கையடக்கமாக ஒரு கருவி உண்டு. அதை ஒவ்வொரு மேசை மேலும் வைத்துப் பார்த்தேன். எழுதுகிற மேசைக்கு முந்நூறே போதும், எல்லாவற்றிலும் நானூறுக்கு மேல் காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூசணிக்காய் சுற்றி உடைத்து லைட்டைப் போட்டபோது ஆபீஸே கை தட்டியது. எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கஸ்தூரி என்கிற அம்மா என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே டாக்குமெண்ட் சரிபார்க்கிறவர். மற்றவர்களுக்கு வேலை கம்ப்யூட்டரில். கப்பல்காரர்கள் அனுப்புகிற காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்ப்பது இவர் ஒருவர்தான்.

"சோக்கா கீதுண்ணே. ஆனா குனிஞ்சி எழுதசொல்ல என் நெழலே பேப்பர் மேல வுயுது" என்றார்.

என் வாய் நிறையக் கேசரி. "புது லைட்டும்மா, அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். நான் போய் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை.

2. மூன்றும் எட்டும்

எட்டு மாதம் கழித்து, ஒரு டவுன்லைட் விட்டுவிட்டு எரிகிறது என்று கூப்பிட்டார்கள். கரண்டைச் சீராக்கி லைட்டுக்குக் கொடுக்கிற டிரைவர் பெட்டி போயிருந்தது. அதை மாற்ற ஏணி போடும்போதுதான் கவனித்தேன். கஸ்தூரியின் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள்.

"கஸ்தூரிம்மா எங்க சார்?" என்று இளங்கோவிடம் கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற நைனா. கண்ணு அவுட்டு. சீல் நம்பர்ல மூணை எட்டுன்னு எழுதிட்சு. கண்டெய்னரு யார்டுலயே நின்னு ஒரே பேஜாரு. மொத தபா வுட்டேன். ரெண்டாவது தபாவும் அதே கத. போதாத்துக்கு வேலை நேரத்துல போனை வேற நோண்டிக்கினே இருந்துச்சு. வூட்ல ரெஸ்ட் எட்த்துக்கம்மான்னு அனுப்ட்டேன்."

கண்டெய்னர் கதவில் போடுகிற சீலுக்கு ஒரு எண் உண்டு. அதுவும் காகிதத்தில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி துறைமுகத்தை விட்டு நகராது. இளங்கோ கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

அவர் கேபினுக்குள் போனதும் புதுப் பெண் மெதுவாகச் சொன்னாள். "அக்கா போனை நோண்டல அங்கிள். டார்ச் அடிச்சி அடிச்சி பேப்பர் பாப்பாங்க. எனக்கு வேலை சொல்லித் தர்சொல்ல நான் பாத்தேன்."

அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே சுவர். நான் நூல் பிடித்துப் போட்ட வரிசை என் முதுகுக்குப் பின்னால். குனிந்ததும் என் தலையும் தோளும் காகிதத்தின் மேல் கருப்பாகக் கவிழ்ந்தன. அந்த நிழலுக்குள் மீட்டரை வைத்தேன். எண்பதுகூட வரவில்லை. கம்ப்யூட்டர் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, திரைக்கே வெளிச்சம் இருக்கிறது. ஆள் இல்லாத மேசையை அளந்துவிட்டு எல்லாம் சரி என்று சொன்ன மடையன் நான்.

கேபினுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். "தப்பு என்னுது சார். அந்தம்மா கண்ணு மேல பழி போடாதீங்க. திரும்பக் கூப்டுங்க."

இளங்கோ கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். "பாவம்தான் நைனா. ஆனா ஆள் போட்டாச்சே. இந்தப் பொண்ணை இன்னா பண்ண சொல்ற?"

அன்றைக்கே மேசைக்கு மேலே சுவரில் பதித்திருந்த அலமாரியின் அடியில், உட்காருகிறவருக்கு முன்பக்கமாக ஒரு லைட் போட்டேன். காகிதம் பளிச்சென்று ஆனது. "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள் அந்தப் பெண். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

3. வாசல்

மறுநாள் காலையில் திருவொற்றியூருக்குப் போனேன். கஸ்தூரி வாசல் வெயிலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் இறால் வாங்கி அனுப்புகிற ஒரு ஷெட்டுக்காக, கூலிக்கு.

"வாங்கண்ணே. கண்ணு போறதுக்கு முன்னாடியே கை வேலைக்குப் பழகிக்கலாம்னுதான்" என்றார். "எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் பார்வை போச்சு. எனக்கும் வந்துட்சு."

"டாக்டர் பாத்தாரா?"

"போகலண்ணே. போனா அவரு வாயால சொல்லிடுவாரே."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. என் பையில், முந்தின நாள் கழற்றிய டிரைவர் பெட்டி கிடந்தது. அதில் பேட்ச் நம்பர் எறும்பு அளவுக்கு அச்சாகியிருக்கும். கண்ணாடி போடாமல் என்னால் படிக்க முடியாது. அதை நீட்டினேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெயிலில் பிடித்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். பதினொரு எண்கள். நடுவில் ஒரு மூன்றும் ஒரு எட்டும் இருந்தன. நான் கண்ணாடியைப் போட்டுச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அப்போ என் கண்ணு நல்லாதான் கீதாண்ணே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். சத்தமே வராத அழுகை. நெடுநேரம் அழுதார்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நான் அன்னிக்கே சொன்னேனேண்ணே. நீங்க பழகிடும்னீங்க. எனக்கும் பழகிட்சு. அப்பால கண்ணுதான் போவுதுன்னு நெனச்சிக்கினேன்."

அதில் கோபமே இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். படிக்கிற கண்ணாடிக்குக் கொஞ்சம் பவர், வேறொன்றுமில்லை என்றார்கள். இளங்கோவிடம் மறுபடியும் இரண்டு தடவை போய்க் கேட்டேன். அவர் கூப்பிடவில்லை. ஐம்பது வயதுக்காரருக்கு வேறு ஆபீஸிலும் வேலை கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் யார் எந்த மேசையில் வேலை செய்கிறார்களோ, அவர்களையே உட்காரவைத்து, அவர்கள் காகிதத்தையும் பேனாவையும் கையில் கொடுத்து எழுதச் சொல்கிறேன். எழுதுகிற கைக்குப் பக்கத்தில்தான் மீட்டரை வைக்கிறேன். என் வேலை இப்போது சரியாக வருகிறது. கஸ்தூரி இன்னும் அந்த ஷெட்டுக்குத்தான் இறால் உரிக்கிறார்.