திங்கட்கிழமை திரும்பிப் போகும் பொம்மைகள்

புதுப் பொம்மைக்கென்று ஒரு வாசனை உண்டு. பெயின்ட்டும் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் அட்டைப் பெட்டியும் கலந்து, டப்பாவைத் திறந்த மாத்திரத்தில் மூக்கில் ஏறும். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்தால் எனக்கு அந்த வாசனை கிடைக்கும். மற்ற வீட்டு அப்பாக்களெல்லாம் எஞ்சின் ஆயிலும் வியர்வையுமாக வீடு திரும்பிய மர்பி டவுனில், எங்கள் அப்பா மட்டும் பொம்மைக் கடையைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவார்.

கன்டோன்மென்ட்டில் ஒரு பொம்மைக் கடையில் அவருக்கு வேலை. வேலை என்ன தெரியுமா? விளையாடுவது! கீ கொடுத்தால் டமாரம் அடிக்கும் கரடியைக் கவுன்டரில் ஓடவிட வேண்டும், பம்பரத்தைக் கண்ணாடி மேல் சுற்றிக் காட்ட வேண்டும், வாங்க வந்தவர்களின் குழந்தை அழுதால் கிலுகிலுப்பை ஆட்டிச் சமாதானம் செய்ய வேண்டும். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் விடுவார்களா? "என்னப்பா, இன்னிக்கு நல்லா விளையாண்டியா?" என்று கேட்காமல் ஒருவரும் அவரை வீட்டுக்குள் போக விட்டதில்லை. அவரும் சளைக்காமல், "ஆமா, கால் வலிக்குது" என்பார்.

கடை முதலாளியை நாங்கள் 'பாய்' என்போம். புதுச் சரக்கு எதையும் மொத்தமாக எடுப்பதற்கு முன்னால், அதில் ஒரு 'பீஸ்' எங்கள் வீட்டுக்கு வரும். அது பாய் வைத்த வழக்கம். சனிக்கிழமை இரவு வரும், ஞாயிறு முழுக்க எங்களோடு இருக்கும், திங்கட்கிழமை காலை திரும்பிப் போய்விடும். பொம்மைகளை வாங்க முடியாத வீட்டில் வாரத்துக்கொரு புதுப் பொம்மை! தெருப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எங்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். தரையில் உரசிக் கீறல் விழக் கூடாது என்று அம்மா பழைய புடவையை மடித்து விரிப்பாள். அதன் மேல்தான் ஆட்டமெல்லாம்.

அப்பா எங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார். "கேட்டா புள்ளைங்க நம்ம மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லும்" என்பார். கோரைப்பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தூங்குகிறவர் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் குழந்தைகள் குதிக்கத்தான் செய்யும். அதை அவர் கணக்கில் எடுக்க மாட்டார். மத்தியானம் குழம்பும் சோறும் வயிற்றில் போன பிறகு, யாரும் சொல்லாமல் குழந்தை திரும்பி வந்து அதை எடுக்கிறதா? அதுதான் அவருடைய பரீட்சை. திங்கட்கிழமை பாய், "க்யா பா, பச்சா லோக் என்ன சொல்லுது?" என்று தன் உருதுத் தமிழில் பிள்ளைகளின் தீர்ப்பைக் கேட்டால் அப்பா ஒரே வார்த்தையில் பதில் சொல்வார். ஒன்று, 'ஓடும்'. இல்லாவிட்டால், 'ஓடாது'.

ஒரு முறை இங்கிலீஷ் எழுத்துகளைப் பதித்த மரப்பலகை ஒன்று வந்தது. ஒவ்வோர் எழுத்தையும் எடுத்து அதனதன் குழியில் வைக்க வேண்டும். அறிவு வளருமாம். நாங்கள் மத்தியானத்துக்குள் பலகையைக் கிரிக்கெட் மட்டையாக்கிவிட்டோம். அப்பா 'ஓடாது' என்று சொல்லிவிட்டார். பாய் அப்படியும் ஒரு பெட்டி எடுத்தார். "பச்சா லோக் வாணாம்னு சொல்லும். அம்மா லோக் வாங்கிட்டுப் போவும்" என்றாராம். அப்படியே வாங்கிக்கொண்டும் போனார்கள்!

இத்தனைக்கும் நடுவில் என் தம்பி கௌதமுக்குப் பேச்சு வரவில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் தெருவில் வாய்க்கு வாய் பேசிக்கொண்டு திரிய, இவன் எல்லாவற்றையும் பார்ப்பான், சிரிப்பான், கை காட்டுவான், வாயை மட்டும் திறக்க மாட்டான். வசம்பை உரசி நாக்கில் தடவு என்றார் ஒருவர். தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டு என்றார் இன்னொருவர். அம்மா இரண்டையும் செய்தாள். டாக்டர் காதைச் சோதித்துவிட்டு, "நல்லாத்தான் கேக்குது, பொறுங்க" என்றார். அம்மா வீட்டில் பிளவுஸ் தைப்பவள். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் போகும்போது, "பையன் இன்னும் பேசலியா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அம்மா மிஷினை மிதிக்கிற மிதியில் வீடே அதிரும். ராத்திரி அவனை மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா சொல்லுடா. ஒரு தடவை சொல்லுடா" என்று கெஞ்சுவாள். அவன் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துச் சிரிப்பான். எனக்கு அழுகையாக வரும்.

அந்தக் கோடை லீவில் ஒரு சனிக்கிழமை, சிவப்பு டெலிபோன் ஒன்று வந்தது. டயலைச் சுழற்றினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும், சுருள் ஒயரில் ரிசீவர் தொங்கும், அவ்வளவுதான். ஞாயிறு காலை முழுக்க நானும் என் கூட்டாளிகளும் அதில் உலகத்தையே கூப்பிட்டு முடித்தோம். சாப்பிட்டதும் எனக்கு அது அலுத்துவிட்டது. 'ஓடாது' என்று நானே தீர்மானித்து, வாசலில் பாண்டி ஆடப் போய்விட்டேன்.

உள்ளே மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். கௌதம் புடவை விரிப்பில் டெலிபோனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் ஒரு பேப்பர் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். மடித்தபடியே, ரொம்ப வேலையாக இருக்கிற பெரிய மனுஷன் குரலில், "அல்லோ... ஏளி, யாரு பேகு?" என்றான்.

அது பேக்கரி ராஜண்ணா! அச்சு அசல்! எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருந்த ராஜண்ணா ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். தெருவுக்கே அவர் கடை போன்தான் 'பி.பி. நம்பர்'. வீட்டில் போன் இல்லாதவர்கள் சொந்தக்காரர்களுக்கு அந்த நம்பரைக் கொடுத்து வைத்திருப்பார்கள். போன் வந்தால் ராஜண்ணா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையில் இருக்கும் காரா பன்னைப் பேப்பரில் கட்டிக்கொண்டே, "ஹலோ, ஹேளி, யாரு பேகு?" என்பார். சொல்லுங்க, யார் வேணும் என்று கன்னடத்தில் கேட்பது. அம்மா இடுப்பில் உட்கார்ந்து ரொட்டி வாங்கப் போன நாளெல்லாம் இவன் அதைத்தான் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறான்!

அப்பா கோரைப்பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அடப்பாவி! தமிழ்ல ஒரு அம்மா சொல்ல வாய் வரல, கன்னடத்துல யாரு வேணும்னு கேக்குது பாருங்க!" என்று அவனை வாரி எடுத்தாள். எடுத்ததும் அவன் மறுபடி ஊமையாகிவிட்டான். இறக்கிவிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தால், "ஏளி!" விஷயம் பரவித் தெருவே வந்து பார்த்தது. யார் கேட்டாலும் போனில் மட்டும்தான் பேச்சு. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடித்த கூத்து கல்யாண வீட்டில்கூட நடக்காது.

ஆனால் மறுநாள் திங்கட்கிழமை. அப்பா டெலிபோனைத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

"ஏங்க, ரெண்டு நாளு இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் அம்மா.

"சாமான் கடையோடது."

"புள்ளை உங்களோடது இல்லியா?"

அப்பா டப்பாவை மூடினார். பிறகு, "ஒரு பீஸை வெச்சிக்கிட்டேன்னா, நாளைக்கு நான் ஓடும்னு சொல்றது சரக்குக்காகவா எம் புள்ளைங்களுக்காகவான்னு பாய்க்கே சந்தேகம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கௌதம் தூங்கி எழுந்து, விரித்தே கிடந்த புடவை மேல் போய் உட்கார்ந்தான். கையை விரித்து என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. "பொம்மைக் கடையில வேலையாம்! வீட்டுல ஒரு பொம்மை இல்ல!" என்று அம்மா மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

மத்தியானம் தெருமுனையிலிருந்து, அப்பா போனில் இருக்கிறார் என்று ராஜண்ணாவின் சத்தம் வந்தது. "அம்மா! போன் பந்திதே! நிம்ம யஜமான்ரு!"

அந்த நாளில் பி.பி. நம்பருக்கு நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால், யாரோ போய்விட்டார்கள், இல்லையென்றால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்பா அதுவரை கடையிலிருந்து ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அம்மா துணியை மிஷினில் விட்டுவிட்டு, கௌதமை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் பாதித் தெரு ஓடி வந்தது.

"ஏங்க! என்னாச்சு? நல்லா இருக்கீங்களா?" ரிசீவரை வாங்கியதும் அம்மா கேட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அம்மாவின் முகம் விநோதமாக மாறியது. "என்னது? யாருகிட்ட? இதுக்கா போன் பண்ணீங்க? உசுரே போயிடுச்சு எனக்கு!" என்று கத்திவிட்டு, ரிசீவரைக் கௌதமின் காதில் வைத்தாள்.

அவன் கண் விரிந்தது. சிவப்பு டெலிபோன் பேசாது. இது பேசுகிறதே! ரிசீவரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான், மறுபடி காதில் வைத்தான். பன் கட்டுவதை நிறுத்திவிட்டு ராஜண்ணா, "ஹேளப்பா, ஹேளு" என்றார். கௌதம் மெதுவாகத் தலையைச் சாய்த்து, ரிசீவரைத் தோளில் இடுக்கினான்.

"அல்லோ... யாரு பேகு?"

அந்தப் பக்கத்தில் அப்பா ஏதோ சொன்னார்.

"அப்பா" என்றான் கௌதம். எங்களையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊருக்கே சேதி சொல்வது போல உரக்க, "அப்பா! அப்பா!" என்றான்.

ராஜண்ணா கண்ணாடி அலமாரியைத் திறந்து, தட்டோடு தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தை எடுத்து, வந்திருந்த எல்லார் கையிலும் ஆளுக்கொரு துண்டு வைத்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது. ரிசீவரைப் பிடுங்கி, "பெத்தவ நான் இங்கயே நிக்கிறேன். எங்கயோ கடையில உக்காந்திருக்கிற ஆளு உங்களப் போயி அப்பாங்கறான்! சரி, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா வெறுங்கையோடுதான் வந்தார். கடைப் போனில் நம்பரைச் சுழற்றிக் கொடுத்ததே பாய்தானாம். "ஓடுமா?" என்று பாய் கேட்டதற்கு, "எங்க வீட்டுல ஓடிடுச்சு" என்றாராம் அப்பா. டெலிபோன் இல்லையே என்று கௌதம் தேடவே இல்லை. அவனுக்கு இப்போது எல்லாமே டெலிபோன். சோப்பு டப்பா, சீப்பு, செருப்பு, கத்திரிக்காய், எதையும் விடவில்லை. அம்மா அந்த வாரமே ஒரு தக்காளி டெலிபோனில் தனக்கான 'அம்மா'வை வாங்கிவிட்டாள். அதன் பிறகு அவன் வாயை மூடவைக்கத்தான் நாங்கள் பாடுபட்டோம்.

அந்தக் கௌதம் இன்றைக்குக் காக்ஸ் டவுனில் ஒரு பிளாட்டில் இருக்கிறான். ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேரில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க, சொல்லுங்க, என்ன வேணும் என்று கேட்கிற வேலை! பேசப் பழகிய நாளிலேயே தலையில் எழுதிவைத்தாகிவிட்டது என்று நான் கேலி செய்வேன். அவன் மகன் ஆதிக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்க வேண்டியது அத்தையான என் பொறுப்பு. அவன் மனைவி போனில் அனுப்புகிற படங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எல்லா டப்பாவிலும் வயது எழுதியிருக்கிறது, மூளை வளரும் என்றும் எழுதியிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்று மட்டும் ஒன்றிலும் எழுதியிருக்கக் காணோம்.

போன ஞாயிறு, பட்டனை அழுத்தினால் தானே பாடி, தானே பேசி, தானே கைதட்டிக்கொள்ளும் ஒன்றை வாங்கிப் போனேன். ஆதி காலையில் குதித்தான். சாப்பிட்டதும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அப்பா மாதிரி ஒருக்களித்துப் படுத்து, அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கு வைத்திருந்த தட்டிலிருந்து அவன் ஒரு ரஸ்க்கை எடுத்தான். அதைக் கன்னத்தோடு தட்டையாக ஒட்டிவைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். தோளில் இடுக்கத் தெரியவில்லை. டயல் சுழற்றுவதும் சுருள் ஒயரும் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? ராஜண்ணாவின் பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பாயின் கடை துணிக்கடையாகிவிட்டது. பி.பி. நம்பர் என்றால் என்ன என்று ஆதியின் அம்மாவே கேட்கிறாள். அப்பாவும் போய்ச் சில வருஷமாகிறது.

நடந்து நடந்து வந்தவன், சோபாவில் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மாவிடம் ரஸ்க்கை நீட்டினான்.

"யாருடா போன்ல?" என்றேன் நான்.

அவன் பதில் சொல்வதற்குள், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கௌதம், "எங்கப்பாவா இருக்கும். ரொம்ப நாளா பண்ணல இல்ல" என்றான்.

அம்மா அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு ரஸ்க்கை வாங்கி, கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு, காதில் வைத்தாள்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆதிதான் பொறுமையில்லாமல் அம்மாவின் கையிலிருந்து ரஸ்க்கைப் பிடுங்கி, தன் காதில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, கடக் என்று கடித்துத் தின்றுவிட்டான்.