துறைமுகம் என்ற சொல்

நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் எங்கள் பாறைக் குடாவில் பதினான்கே வீடுகள், ஒரு மரக் கோயில். பாதிரியார் வருஷத்துக்கு நாலு தடவைதான் படகில் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசித்து ஜெபம் நடத்தியவர் மீனவர் ஹெட்லி பார்டி; ஊருக்கே அவர் மாமா. உப்புக் காற்றில் காய்ந்த குரல்தான், ஆனால் ஒரு சொல்லிலும் தடுமாறாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் அக்டோபரில் அவருடைய இரண்டு மகன்களும், கிளாரும் ஆம்ப்ரோஸும், வலை எடுக்கப் போய்த் திரும்பவில்லை. படகு கிடைத்தது. பிள்ளைகள் கிடைக்கவில்லை.

அது நடந்து மூன்றாம் ஞாயிறு ஹெட்லி மாமா வாசிக்க எழுந்து நின்றார். அன்றைய பகுதி கடலைப் பற்றியது: புயல், தத்தளிக்கும் கப்பல்கள், பிறகு அமைதி. கப்பல்கள் பத்திரமாய்க் கரை சேரும் வரியில் 'துறைமுகம்' என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார். நாங்களாகவே ஒரு பாட்டைப் பாடிவிட்டுக் கலைந்தோம்.

அடுத்த ஞாயிறும் அவர் அதே பகுதியையே எடுத்தார், அதே இடத்தில் நின்றார். அதற்கடுத்த ஞாயிறும்.

கடைக்காரர் சாலமன் பொறுக்கமாட்டாமல் அவரை வாசலில் நிறுத்தினார். "வேற பகுதி வாசிங்களேன் மாமா. கடல் இல்லாததாப் பார்த்து."

"கடல் இல்லாத இடமாப் பார்த்து நாம பொழைக்கலையே, சாலமன்."

"ஆண்டவர் மேல கோபமே இல்லையா உங்களுக்கு?"

"இல்லாம? வயிறு எரியுது. அதுக்குத்தான் வர்றேன். கோபம்னா உள்ள வந்து சண்டை போடணும். வெளிய நின்னு முறைச்சா என்ன ஆகும்?"

ஆறு ஞாயிறு இப்படியே போயிற்று. அவர் மனைவி ட்ரூசி முன்வரிசையில் கையுறையைப் பிசைந்தபடி தரையையே பார்த்திருப்பாள்.

ஏழாவது ஞாயிறு பனி கொட்டியது. மறுபடியும் அதே சொல்லில் நின்றார். பின்வரிசையிலிருந்து அவருடைய அக்கா ட்ரைஃபீனா கத்தினாள்:

"டேய் ஹெட்லி! எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லு, நாங்க இருக்கோம். ஆனா அடுப்புல வச்ச மீன் தீஞ்சுதுன்னா நீதான் திங்கணும்!"

முதலில் சிரித்தது ட்ரூசி. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அது பாதியில் அழுகையானது. ஹெட்லி அவளையே பார்த்தார். பிறகு குனிந்து அந்தச் சொல்லை வாசித்தார். குரல் உடைந்துதான் வந்தது. கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

அதன்பின் பத்தொன்பது வருஷம் அவர்தான் வாசித்தார். துக்கம் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். அக்டோபர் வந்தால் அவர் தாடி மழிக்க மாட்டார். யாரும் காரணம் கேட்க மாட்டோம்.

இப்போது அந்தக் குடாவில் ஆளே இல்லை. நான் நகரத்தில் பெரிய கோயிலுக்குப் போகிறேன். படித்தவர்கள் தங்குதடையில்லாமல் வாசிக்கிறார்கள். யாராவது ஒரு வரியில் திணறினால் மட்டும் நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.