பங்களா வராண்டாவில் தொங்கிய ராக்கெட்

போன வாரம் மகள் என் சாவிக்கொத்தில் பொத்தான் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டாள். சாவியை எங்கே தொலைத்தாலும் ஃபோனில் காட்டுமாம். சோபாவுக்கு அடியிலிருந்து அது கீச்சென்று கத்தியதும் எனக்குக் குன்னூர் ஞாபகம் வந்துவிட்டது.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் அப்போது நான் கிளார்க். தேயிலை விலை படுத்துக்கிடந்த காலம். ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடும். மீதி நாளெல்லாம் விலை ஏறட்டும் என்று காத்திருப்போம். அதுவும் ஒரு வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. பெரிய துரை (மேனேஜரை அப்படித்தான் சொல்வோம்) அவ்வப்போது கூட்டம் போடுவார். தொழிலாளிகளுக்கு உற்சாகம் குறைந்ததால்தான் விலை விழுந்தது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தான் இருக்கும்வரை ஃபேக்டரியை மூட விடமாட்டேன் என்று சொல்லிக் கூட்டத்தை முடிப்பார். நாங்களும் கைதட்டுவோம், குளிருக்கு இதமாக இருக்கும்.

எலக்ட்ரீஷியன் யோகராஜனுக்கு மட்டும் உற்சாகம் வேறு வழியில் வந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவன். அட்டைக்குழாய், கிழிந்த குடைத்துணி, திருவிழா வாணக்காரர் ஒருவர் கொடுத்த வெடிமருந்து, இவற்றை வைத்து ராக்கெட் செய்தான். "இந்த மலையில இப்ப மேல போற ஒரே சாமான் இதுதான்" என்பான். நன்றாகத்தான் போனது. குடைத்துணி விரிந்து இறங்கும்போது மூடுபனி வந்து விழுங்கிவிடும். தேயிலைச் செடிகளுக்குள் அந்த அட்டையைத் தேடிப்போய் அட்டைக்கடி வாங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் கோயமுத்தூர் பழைய சாமான் கடையில் மலிவாக ஒரு வயர்லெஸ் மைக் வாங்கி வந்தான். அது கேட்பதெல்லாம் கொஞ்ச தூரத்துக்கு எஃப்.எம். ரேடியோவில் கேட்கும். அதை ராக்கெட்டுக்குள் வைத்தான். ரேடியோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் மங்குகிறதோ, அப்போது ராக்கெட் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். கோயில் பிரகாரத்தில்கூட நான் அத்தனை பக்தியோடு சுற்றியதில்லை.

மார்கழியில் ஒரு மதியம், வேலையில்லாத நாள். காற்று ராக்கெட்டைத் துரை பங்களாப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ரேடியோவின் பின்னால் நடந்தார்கள். பங்களாவின் சைப்ரஸ் மர வேலியை நெருங்கும்போது இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கோயமுத்தூர் வானொலி நிலையம் குறுக்கே வருகிறது என்றுதான் நினைத்தேன்.

"பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்க. அந்த வாரமே மெஷினைக் கழட்டி லாரில ஏத்திட்டு, கேட்டைப் பூட்டிடலாம்."

துரையின் குரல். கூட்டத்தில் கேட்கும் அதே கனிவு. வேலி வழியாகப் பார்த்தோம். குடைத்துணி ஓட்டில் சிக்கி, ராக்கெட் வராண்டாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே துரை போனில் பேசிக்கொண்டிருந்தார்.

 தூள் சலிக்கும் பார்வதியக்கா ரேடியோவை வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"ஏனுங்க, எங்க சாமான் ஒண்ணு உங்க ஊட்டு வராண்டாவுல தொங்குதுங்க."

துரை சிரித்தபடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்னது பார்வதியக்காவின் கையிலிருந்தும் கேட்டது. துரை ரேடியோவைப் பார்த்தார், பிறகு தலைக்கு மேலே பார்த்தார். சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"பொங்கலுக்கு நாங்க யாரும் ஊருக்குப் போகலீங்க" என்றார் பார்வதியக்கா.

அந்த வருஷம் ஃபேக்டரி வாசலில்தான் பொங்கல் வைத்தோம். வந்த லாரி கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பியது. துரைக்கு மாற்றலானது. வழியனுப்புக் கூட்டத்தில் எங்கள் உற்சாகத்தைப் பாராட்டிப் பேசினார். மெஷின்கள் இன்னும் சில காலம் ஓடின. விலைதான் ஏறவில்லை. பிறகு முறைப்படி நோட்டீஸ் ஒட்டி, பட்டப்பகலில் மூடினார்கள்.

யோகராஜன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். பார்வதியக்கா சேரம்பாடியில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. ஃபேக்டரி இப்போது சுற்றுலா விடுதி. போன மே மாதம் பார்க்கப் போயிருந்தேன். கொழுந்து பரப்பி வாட்டிய மாடியில் கட்டில் போட்டிருக்கிறார்கள். அங்கே கொழுந்து வாடும்போது ஆப்பிள் நறுக்கியது போல ஒரு வாசனை கிளம்பும், சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அறையைக் காட்டிய பெண் சுவரிலிருந்த சின்னப் பெட்டியை அழுத்தினாள். அது புஸ்ஸென்று பீய்ச்சியது.

"டீ வாசனைங்க சார். பாம்பேல இருந்து வாங்கறோமுங்க."

மோந்து பார்த்தேன். எலுமிச்சம்பழ வாசனை.