காலித் தட்டு

அருந்தவன் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், செவன் ஹில்ஸ் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பெப்ரவரியில் அவருடைய மனைவி மிருணாளினி செத்துப்போனார். செத்தவீட்டில் அருந்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி கொடுத்தார். மனம் மரக்கட்டையாகக் கிடந்தது.

மார்ச்சில்தான் இந்த வேலை கிடைத்தது. கூட வேலை செய்யும் ஆப்கானியர் கரீம், முதல் நாளே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “மிஸிஸ் சுகமா?” என்று கேட்டார். “ஓம், சுகம்” என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை மறுநாள் எந்த முகத்தோடு மாற்றுவது? அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. மிருணாளினி அந்தக் கிடங்குக்குள் மட்டும் சுகமாக இருந்தார்.

ஓகஸ்டில் ஒரு ஞாயிறு, கரீம் அருந்தவனையும் மனைவியையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அருந்தவன் மெரிலண்ட்ஸில் இருந்த கரீமின் வீட்டுக்குத் தனியாகப் போனார். மனைவிக்குக் காய்ச்சல் என்றார். எப்படியாவது இன்றைக்கு மாட்டிக்கொள்ளாமல் வீடு திரும்ப வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய கவலை.

தரையில் மெத்தை, நடுவே நீளத் துணி, அதன்மேல் கரட்டும் முந்திரிகை வற்றலும் தூவிய ஆட்டிறைச்சிச் சோறு. அருந்தவனுக்கு ருசி தெரியவில்லை. ஆனால் தட்டில் சோறு மிச்சம் வைப்பது அவருடைய வளர்ப்பில் இல்லை, வழித்துச் சாப்பிட்டார். தட்டு காலியானால் விருந்தாளிக்கு இன்னும் பசி என்பது கரீமின் கணக்கு. உடனே அள்ளிப் போட்டார். இருவருமே மரியாதை தெரிந்தவர்கள், வேறென்ன கேடு வேண்டும்? நாலாவது தட்டில் அருந்தவனுக்கு மூச்சு முட்டியது.

பிறகு ஏலக்காய் போட்ட பச்சைத் தேத்தண்ணி. அங்கேயும் அதே கூத்து. கடைசியில் கரீம் சிரித்துக்கொண்டே தன் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

“போதுமெண்டால் இப்பிடிக் கவிழ்க்க வேணும், பிரதர். இல்லாட்டி நான் ஊத்திக்கொண்டே இருப்பன்.”

அருந்தவனும் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

கரீமின் மனைவி ஸர்கூனா சாப்பிட உட்காரவே இல்லை. காய்ச்சல் என்று கேட்டதிலிருந்து குசினியில்தான் நின்றார். இப்போது ஒரு சூடான பாத்திரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“அக்காவுக்கு சூப். நீங்கள் காரை எடுங்கோ, நாங்களும் பின்னால வாறம். சுகமில்லாத ஆளைப் பாக்காமல் இருக்கக் கூடாது.”

கரீம் கார்ச் சாவியைத் தேடத் தொடங்கினார்.

“வர வேண்டாம்,” என்றார் அருந்தவன். “அவ இல்லை. பெப்ரவரியிலயே செத்துப்போனா. நான் பொய் சொன்னனான்.”

ஏன் என்று இருவரும் கேட்கவில்லை. ஸர்கூனா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

“அவவின்ர பெயர் என்ன?” என்று கரீம் மெதுவாகக் கேட்டார்.

“மிருணாளினி.”

அந்தப் பெயர் கரீமின் நாக்குக்கு வசப்படவில்லை. தப்பாகச் சொன்னார், திருத்தச் சொல்லிக் கேட்டார், மறுபடி சொன்னார். பிறகு கணவனும் மனைவியும் இரு கைகளையும் ஏந்திக்கொண்டு தங்கள் மொழியில் இறைவனை வேண்டத் தொடங்கினார்கள். அருந்தவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் அந்தப் பெயர் மட்டும் வந்தது, தெளிவாக, சரியாக.

அப்போதுதான் அவருக்கு மனைவி செத்துப்போனார். வாய்விட்டுக் கதறினார்.