கடலுக்கு முதுகு காட்டியவள்

ராயபுரம் கடற்கரையில் சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். அன்றைக்கே என் அம்மா நம்பவில்லை. "உன்னைப் படிக்க வெச்சது காத்து வாங்கவாடா?" என்று கேட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் வண்ணாரப்பேட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த என்னை, கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். கூலி வேலை செய்கிற ஜனங்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள், அதனால் கேட்கவே கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்பது அவர் கட்சி. "யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே. பேசினாய் என்று தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன்" என்றார். நானும் வெள்ளை வேட்டியும் சட்டையுமாகப் போய், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகின்மேல் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

சீட்டாடுகிறவர்கள், சுண்டலுக்குச் சண்டை போடுகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வந்து மணலில் மல்லாந்து தூங்குகிறவர்கள். உட்கார்ந்தால் எல்லாரும் கடலைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். நாள் முழுக்கக் கப்பலோடு மல்லுக்கட்டிவிட்டுச் சாயங்காலமும் கப்பலையே என்ன பார்வையோ!

அங்கேதான் அவளைப் பார்த்தேன். வேர்க்கடலைக் கிடங்கில் சொத்தை பொறுக்குகிற வேலை என்பது பார்த்ததுமே தெரிந்தது. தலைமுடியெல்லாம் கடலைத்தோலின் சிவப்புத் தூசி. மூட்டை சுமக்கிற அப்பாவோடு வருவாள். வந்ததும் புடவைத் தலைப்பை உதறுவாள், அப்பா தும்முவார், அவள் சிரிப்பாள். சிரிப்பது தெரியும், அலைச் சத்தத்தில் கேட்காது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத் துடித்தேன். பத்தடி நடந்து போய்ப் பேசினால் போதும், ஆனால் அதோடு அங்கே உட்காருகிற பாக்கியமும் போய்விடும்.

கொஞ்ச நாளில் ஒரு மாற்றம். தூசி தட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரி, கதம்பம் சூடி வந்தாள். ஊரே கடலைப் பார்த்திருக்க, அவள் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி என் படகைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் பார்த்தால் தலை குனிவாள். நான் வேறு பக்கம் திரும்பினால் என்னைப் பார்ப்பாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். பேராசிரியரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "பெண்கள் பூச்சூடி, கடலுக்கு முதுகு காட்டி அமரும் வழக்கமும் உண்டு" என்று எழுதிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா எழுந்து நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்கோ. தெனம் வந்து பாத்துகினு போறீங்கோ. பையன் வூட்ல இன்னா சொல்றாங்கோ?"

"எந்தப் பையன்?" என்றேன். அந்தக் கரையில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எண்ணூர்ப் பையன்" என்றார் அவர், குரல் இறங்கி. பிறகு அவரே விளக்கினார். முறையாகப் பெண் பார்க்க வருமுன், பையன் வீட்டார் தங்கள் ஆள் ஒருவரை அனுப்பி, நாலு பேர் கூடுகிற இடத்தில் தூர இருந்தே பெண்ணைப் பார்த்துவரச் சொல்வார்களாம். இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளக் கூடாது. வேண்டாம் என்றாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. வெள்ளை வேட்டியோடு தினம் வந்து, வாயே திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்த நான் வேறு யாராக இருக்க முடியும்?

"நான் புத்தகத்துக்காக ஜனங்களைப் பார்க்க வந்தவன்" என்றேன்.

"ஓ, வேடிக்கை பாக்க வந்தவரா." அவருக்குக் கோபமே இல்லை. "பரவால்ல தம்பி. ஒங்க மூஞ்சப் பாத்துட்டு, அனுப்பின ஆளே இப்டி கீறாரே, பையனும் நல்லவனாத்தான் இருப்பான்னு பொண்ணு சொல்லிகினு இருந்திச்சி."

அவள் பார்த்த பார்வையெல்லாம் என் வழியாக எண்ணூருக்குப் போய்க்கொண்டிருந்தவை. நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நிலையான வேலையில்லாதவன், வேறு சாதிக்காரன். எந்த முகத்தோடு சொல்வது? வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். அவளும் ஏதோ கேட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே மெல்லத் திரும்பி, எல்லாரையும் போலக் கடலைப் பார்த்தாள்.

பேராசிரியரின் புத்தகம் அச்சாகி வந்தது. அந்த வரி அதில் இருக்கிறது. நான் இன்னும் ராயபுரத்துக்குப் போகிறேன், அதே இடத்தில் உட்காருகிறேன், சம்பளம் கொடுக்கத்தான் ஆளில்லை. கடலுக்கு முதுகு காட்டி அமரும் அந்த வழக்கத்தைப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. கடல் பக்கம் திரும்புவதற்குமுன் அவள் அப்பாவிடம் என்ன கேட்டாள் என்று தெரியாது. அவள் குரல் எப்படி இருக்கும் என்றும் தெரியாது.