என் கோடாரிக்காரன்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பத்தொன்பது நாட்கள் செத்துச் செத்து நான் பழகிய ஒருவனை, நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் சாச்சா கொன்றுவிட்டார்.

சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. அந்த வருடம் கத்தாரிலிருந்து லீவில் வந்து குண்டசாலையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கேம் மெஷினும் ஒரேயொரு கேமும் கொண்டுவந்து தந்தார். கவசம் போட்ட ஒரு வீராங்கனை பாழடைந்த கோட்டைக்குள் போக வேண்டும். கோட்டைப் பாலத்தை ஒரு கோடாரிக்காரன் மறித்துக்கொண்டு நிற்பான். என் வீராங்கனை அவன் முழங்கால் உயரம்கூட இல்லை.

முதல் நாள் மூன்று அடி எடுத்துவைப்பதற்குள் செத்தேன். அதுவரை சேர்த்த பலமெல்லாம் செத்த இடத்திலேயே கொட்டிவிடும். அதைப் பொறுக்கப் போகும்போது மறுபடியும் செத்தால் அதுவும் போச்சு. என் சிநேகிதிகள் விளையாடியதெல்லாம் தொட்டவுடன் நட்சத்திரம் கொட்டும் விளையாட்டுகள். இது எதையும் சும்மா தராது. அதனால்தான் எனக்குப் பிடித்தது. இடது காலை ஊன்றினால் குறுக்கே வீசுவான், பின்வாங்கினால் பாய்வான் என்று ஒவ்வொன்றையும் செத்துத்தான் கற்றேன். பத்தொன்பதாம் நாள், இன்னும் ஒரே ஒரு அடியில் விழப்போகிறான் என்ற நேரத்தில், "மஃரிப் தொழுகைக்கு பாங்கு சொல்லியாச்சு" என்று உம்மா வந்து மெஷினை அணைத்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கண்டியிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். கை துறுதுறுத்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பார்த்தால், பாலம் வெறுமையாகக் கிடந்தது.

"மகள், அவன்ட கதை முடிஞ்சி," என்றார் சாச்சா, பெருமையோடு. "இனி நேரா கோட்டைக்குள்ள போகலாம்."

"யாரு உங்களுக்கு அவன கொல்லச் சொன்ன?"

"உங்களுக்கு லேசாகட்டும் எண்டுதான்..."

"எனக்கு லேசாக வேணாம்! அவன் என்ட ஆள்! உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் சட்டென்று நின்றது. உம்மா வந்த வேகத்தில் என் தோளில் ஓர் அடி விழுந்தது. "பெரியவங்களோட பேசுற பேச்சா இது? மன்னிப்புக் கேளு!"

அநியாயம் செய்தவர் அவர், அடி எனக்கு!

"விடுங்க மதினி. புள்ள சொல்றது சரிதானே," என்றார் சாச்சா. அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டிருந்தது. பழைய ஆட்டத்தை அழித்துவிட்டு, "வாங்க மகள், முதல்ல இருந்து தொடங்குவம். நான் கை வைக்க மாட்டேன்," என்றார்.

அன்றிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து, அஸர் தொழுகை நேரத்தில், கோடாரிக்காரன் என் கையால் விழுந்தான். நான் கதிரையிலிருந்து துள்ளிக் குதித்தேன். சாச்சா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் நியாயமானவன் மகள்," என்றார். "அடிக்க முந்தி கோடாரிய ஒசத்திக் காட்டுறான். சொல்லிட்டுத்தான் அடிக்கிறான்."

அந்த லீவு முடியவே போவதில்லை என்பதும், கத்தாரில் ஒரு காலையில் வேலைக்குப் போனவரை வாசலிலேயே வேலைநீக்கக் கடிதம் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.

"அது எனக்கு எப்பவோ தெரியும்," என்றேன், கோபம் தீராமலே. அவர் விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.